ரொறன்ரோவிலிருந்து அப்பாவுக்கு

ரொறன்ரோ, கனடா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்களுடையதும் அம்மாவுடையதும் நலமறிய ஆவல். இங்கத்தைய குளிரைப் பற்றி அம்மாவிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டது என் வேலையைப் பற்றி. ஆகவே அதை எழுதுகிறேன்.

ஆள் நில்லாமலே கோப்பியும் பால்தேநீரும் ஊற்றித் தரும் தானியங்கிக் கடைகளுக்குக் கட்டுப்பாட்டுச் சுற்றுப்பலகை வடிவமைக்கிறேன். காசு வாங்கும் பகுதி எம்.டி.பி. என்ற பொது இணைப்பில், நொடிக்கு 9600 பிட் என்ற நிதானமான வேகத்தில், பலகையோடு பேசிக்கொள்ளும்; அதில் பெரிய சிரமம் இல்லை. சூடுதான் சிரமம். திருகோணமலைக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரையும் மாறி மாறி என் தலையில் வார்த்து, எது கூடச் சூடு என்று கேட்பீர்களே, அதே கேள்வியை இப்போது சூட்டை அறியும் தேர்மிஸ்டர் ஒன்றிடம் நாள் முழுவதும் கேட்கிறேன். 25 பாகை செல்சியஸில் 10 கிலோ ஓம் தடை காட்டும் அந்தச் சிறு மணியில், சூடு ஏற ஏறத் தடை குறையும். அதன் கம்பி அறுந்தாலோ, தண்ணீர் உறைகுளிரில் இருப்பதாகப் பலகை எண்ணிக்கொண்டு, கொதிகலனை எரித்தபடியே இருக்கும். எனவே, நம்ப முடியாத குளிரைக் கண்டால் சூடேற்றியை நிறுத்தும்படி நிரல் எழுதினேன். நிரலே உறைந்துபோகலாம் என்பதால், அதைக் கேளாமலே மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்ப ஆளி ஒன்றையும் கொதிகலன் மேலேயே பொருத்தினோம்.

போன மாதம் ஒரு சங்கடம் நேர்ந்தது. மின்சுருளால் இயங்கும் பால் வால்வு மூடும்போது சில வேளைகளில் திரை அணைந்து, பலகை முதலிலிருந்து தொடங்கியது. வாங்கிய காசு கணக்கில் இல்லை, கோப்பையில் பாதிப் பால். மூன்று நாள் தேடிய பின், வால்வு மூடும் கணத்தில் ஈட்டிபோல எழும் மின்னழுத்தத்தை, அதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஒசிலோஸ்கோப்பில் கண்டேன். உடனே உங்கள் ரேடியோக் கடை நினைவுக்கு வந்தது. மின்னால் இயங்கும் ஆளியான ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோட்டை ஈயம் வைத்து ஒட்டியபடி, "சுருள் தன்னிடம் உள்ளதைச் சும்மா விடாது மகள், அது போக வழி கொடு" என்றீர்கள். நான் வழி கொடுத்திருந்தேன். ஆனால் டயோட்டைப் பலகையில் வைத்துவிட்டேன், வால்வோ இரண்டு மீற்றர் கம்பிக்கு அப்பால் இருந்தது. இடையில் கிடந்த கம்பி ஏரியல்போல இரைச்சலைப் பரப்பியிருக்கிறது. டயோட்டை வால்வின் முனையிலேயே ஒட்டினேன். பிறகு இரண்டாயிரம் முறை திறந்து மூடிப் பார்த்தோம். திரை ஒரு தடவையும் அணையவில்லை.

இப்போது ஆவி படிந்து செப்புத் தடங்களில் பச்சை பிடிக்கிறது. திருகோணமலை டச்பே கடற்கரையின் உப்புக்காற்றிலும் உங்கள் பலகைகள் கெடாமல் இருந்தனவே. என்ன வார்னிஷ், எத்தனை பூச்சு, பூசுமுன் எதனால் துடைப்பீர்கள் என்பதை விபரமாக எழுதுங்கள்.

அன்பு மகள்