முதலில் பின்விளக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை குறைந்ததும், நீ மறுபடி சைக்கிள் எடுத்ததும் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது.

ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கோவில்பட்டி பைபாஸில் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. 'கண் பழகிவிட்டது, விளக்கில்லாமலே ரோடு தெரிகிறது' என்கிறாய். உனக்கு ரோடு தெரிகிறது, சரி. பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நீ தெரிகிறாயா?

கணக்குப் போட்டுப் பார். 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். உன்னைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால், அதற்குள் 33 மீட்டர் போய்விடும். வேகம் குறைய ஆரம்பிப்பதே அப்புறம்தான். நிற்பதற்கு இன்னும் முப்பது நாற்பது மீட்டர் வேண்டும். சரக்கு ஏற்றிய லாரிக்கு அதற்கும் மேல். டிம் லைட் வெளிச்சத்தில் உன் கறுப்புச் சட்டை அவ்வளவு தூரத்தில் கண்ணில் படாது. தை மாதத்தில் உங்கள் ஊரில் சூரியன் வர ஆறரை தாண்டிவிடும். போகும் தூரம் முழுக்க இருட்டுதான்.

அதனால் முதலில் பின்விளக்கு வாங்கு. போன் சார்ஜரிலேயே ஏற்றிக்கொள்ளும் சிவப்பு எல்இடி விளக்கு போதும். சீட்டுக்கு அடியில் உள்ள கம்பியில் மாட்டு; கேரியரில் பை வைத்தால் மறைக்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொள். மின்னுகிற விளக்கு சட்டென்று கண்ணை இழுக்கும். விடாமல் எரிகிற விளக்கை வைத்துத்தான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று ஓட்டுநரால் கணிக்க முடியும். ஒன்றுதான் மாட்டுவாய் என்றால் விடாமல் எரிய விடு. முன்னால் வெள்ளை விளக்கு, கொஞ்சம் கீழே சாய்த்து. எதிரே வருபவருக்குக் கண் கூசக் கூடாது.

பழைய டைனமோவையே சரிபண்ணப் போவதாக எழுதியிருந்தாய். மெதுவாக மிதித்தால் அது மங்கும், நின்றால் அணைந்துவிடும். சர்வீஸ் ரோட்டிலிருந்து ரோட்டைக் கடக்கக் காத்து நிற்கும்போதுதான் நீ கட்டாயம் தெரிய வேண்டும். நின்ற பிறகும் சில நிமிடம் எரிகிற புது வகை டைனமோக்கள் இருக்கின்றன, ஆனால் உனக்கு அந்தச் செலவு வேண்டாம்.

டென்மார்க்கில் ஓடன்ஸே என்ற ஊரில் 2004-05இல் மூவாயிரத்து எண்ணூறு பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேரின் சைக்கிளில் பகலிலும் இரவிலும் அணையாத விளக்கு. அவர்களுக்குக் காயம்படும் விபத்து 19 சதவீதம் குறைவாக இருந்தது. பகலிலும் எரியவிடலாம் என்று எனக்குத் தோன்றியது இதனால்தான்.

ரிஃப்ளெக்டர் இருக்கிறதே என்பாய். தன்மேல் விழுகிற ஹெட்லைட் வெளிச்சத்தை அது வந்த பக்கமே திருப்பி அனுப்பும். வெளிச்சம் விழாதவரை அது இருட்டுதான். ஆனாலும் பெடலில் இருக்கும் ரிஃப்ளெக்டரைக் கழற்றாதே. மேலும் கீழும் அசைவதால், போவது சைக்கிள்காரர் என்று உடனே பிடிபடும். திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் பையில் ஒட்டுகிறார்களே, அந்த ஒளிரும் ஸ்டிக்கரைப் பின் மட்கார்டில் ஒட்டு.

நாம் படித்த காலத்தில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். அப்போது ரோட்டில் இவ்வளவு வேகம் கிடையாது. இன்று நான்கு வழிச்சாலை, ஆனால் சைக்கிளில் விளக்கு எங்கே என்று கேட்க ஆளில்லை. பள்ளியில் கொடுத்த சைக்கிளில் டியூஷன் முடிந்து இருட்டில் வரும் பிள்ளைகளைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது.

அடுத்த வாரம் மதுரை போகிறேன். இரண்டு ஜோடி விளக்கு வாங்கி அனுப்புகிறேன், ஒன்று உனக்கு, ஒன்று உன் பேத்திக்கு. அவை வந்து சேரும்வரை நன்றாக விடிந்த பிறகு, ஊருக்குள்ளேயே ஓட்டு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்