லத்தி தெரிகிறது, ஜி.டி. எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போலீஸ் சித்திரவதையைப் பேசும் படமோ வெப் சீரிஸோ வெளிவந்தால், உங்கள் சினிமாப் பக்கம் உட்பட எல்லா இதழ்களும் ஒரே அளவுகோலைத்தான் கையில் எடுக்கின்றன: லாக்கப் காட்சி எவ்வளவு ‘ரா’வாக இருக்கிறது, தியேட்டரில் எத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காவல் மரண வழக்குக் கட்டுகளைப் புரட்டுகிறவர்களுக்கு இந்தப் பாராட்டு விசித்திரமாகப் படுகிறது. ஸ்டேஷனில் அடி எப்படி விழும் என்பது ஊருக்கே தெரியும். விழுந்த அடி காகிதத்தில் எப்படிக் காணாமல் போகிறது என்பதைத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த வேலை நடப்பது ஸ்டேஷன் எழுத்தரான ரைட்டரின் மேஜையில், ஜி.எச். கேஷுவாலிட்டியில், மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில். அங்கெல்லாம் கேமரா எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

முதலில் கடிகாரம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு. இதை முழங்காத சினிமா வக்கீல் கிடையாது. ஆனால் அந்த 24 மணி நேரம் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. செவ்வாய் ராத்திரி வீட்டிலிருந்து ‘சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்’ என்று கூட்டிப்போன ஆளுக்கு, வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு பஸ் ஸ்டாண்ட் அருகே சந்தேகப்படும்படி நின்றபோது கைது என்று மெமோ எழுதப்படும். நடுவில் போன மூன்று ராத்திரிக்கு ஸ்டேஷனில் நடப்பதைப் பதிந்துவைக்கும் ஜி.டி. எனப்படும் பொது நாட்குறிப்பில் ஒரு வரிகூட இருக்காது. அடி விழுவதும் பல வழக்குகளில் ஸ்டேஷனுக்குள் அல்ல. தோப்பு வீடு, காலி குவார்ட்டர்ஸ், பூட்டிக் கிடக்கும் மண்டபம் என்று இடம் மாறும். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி இறந்த சம்பவத்தில், கோயிலை ஒட்டிய இடத்தில் அவர் அடிக்கப்படுவதை ஒருவர் மறைந்திருந்து போனில் எடுத்த வீடியோதான் வெளியே வந்தது. யார் உத்தரவில் சிறப்புக் குழு விசாரித்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. இவ்வளவு நடந்த பிறகும் நம் திரைக்கதைகளில் சித்திரவதை என்றால் கம்பிக் கதவும் தொங்கும் பல்பும்தான்.

டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகள் இட்டது. கைது மெமோவில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். இந்தக் கட்டளைகள் எழுதிய போர்டைக் கலை இயக்குநர்கள் ஸ்டேஷன் செட்டில் தவறாமல் மாட்டுகிறார்கள். கதைக்குள் ஒருவர்கூட அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

ஆளைத் தூக்கிய நேரத்தை நிரூபிக்கத் தொண்ணூறுகளில் ஒரு வழி இருந்தது: தந்தி. போலீஸ் ஜீப் தெருவைத் தாண்டுவதற்குள் கலெக்டர், எஸ்.பி., உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பெயர்களுக்கு நாலு வரி தந்தி அடித்து, ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்வார்கள் வக்கீல்கள். ரசீதில் விழுந்த தேதியும் மணியும் போலீஸின் கைது மெமோவோடு மோதும். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுபோனது. இன்று அந்த இடத்தில் 112-க்கு அடித்த போன், எஸ்.பி. அலுவலகத்துக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் போன மின்னஞ்சல், வாசலில் ஜீப் நிற்கும் போட்டோ ஆகியவை இருக்கின்றன. அன்றைய காலத்தில் நடக்கும் படத்தில் தந்தி ஆபீஸ் கவுன்ட்டர் ஒரு நிமிடம் வந்தால் போதும், எந்த ஃபைட் சீனையும்விட விறுவிறுப்பாக இருக்கும். நேரத்தையும் பொய்யையும் இப்படி மோதவிட்ட நல்ல உதாரணம் ‘ஜெய் பீம்’. கைதிகள் தப்பி ஓடிவிட்டார்கள் என்ற கதையை அதில் உடைக்க உதவுவது ஒரு போன் அழைப்பு. அந்த இடத்தை விட்டுவிட்டு அடிக்கும் காட்சிகளைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது ஆஸ்பத்திரி. ரிமாண்டுக்கு, அதாவது மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிடுவதற்கு, முன் டாக்டரிடம் கொண்டுபோவது சட்டம். நடைமுறை என்ன? எஸ்கார்ட் போலீஸ் தோளை ஒட்டி நிற்க, ‘ஏதாவது காயம் இருக்கா?’ என்று டாக்டர் கேட்பார். ‘இல்லைங்க ஐயா’ என்று பதில் வரும். சட்டையைக் கழற்றாமலே ‘ஃபிட் ஃபார் ரிமாண்ட்’ விழும். ஒரு காயத்தைக் குறித்தே தீர வேண்டும் என்றால் இருக்கவே இருக்கிறது பாத்ரூம். வழுக்கி விழுந்தார், மாவுக்கட்டு. இதை மீம் போட்டு ரசிக்கும் அளவுக்கு நாம் பழகிவிட்டோம்.

மேக்கப் கலைஞர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. லத்தி அடி சதையுள்ள இடத்தில் கத்தி வெட்டுப் போலக் கிழிந்து ரத்தம் கொட்டுவது குறைவு. அடிபட்ட இடத்தின் இரு பக்கமும் ரயில் தண்டவாளம் போல இரண்டு இணை கோடுகள் கன்றிப்போகும், நடுப்பகுதி வெளிறி நிற்கும். கன்றல் சிவந்து, நீலம் பாரித்து, நாலைந்து நாளில் பச்சை தட்டி, ஒரு வாரம் கழித்து மஞ்சளாகும். ஆகவே ஒரே உடம்பில் மூன்று நிறத்தில் கன்றல் இருந்தால் அடி ஒரே நாளில் விழவில்லை என்று சந்தேகிக்க இடம் உண்டு. கறுத்த தோலில் இவை மேலே தெரியாமலே போகலாம். உள்ளங்காலையும் பிட்டத்தையும் தொடையின் பின்புறத்தையும் கீறிப் பார்த்தால்தான் தசைக்குள் உறைந்த ரத்தம் தெரியும். பிரேதப் பரிசோதனையில் அந்த இடங்களைக் கீறாமல் விட்டால் ‘வெளிக்காயம் எதுவும் இல்லை’ என்ற ரிப்போர்ட் சுலபமாக வந்துவிடும்.

அடிபட்டவர் உடனே சாவதில்லை என்பதையும் படங்கள் காட்டுவதில்லை. பெரிய தசைகள் நசுங்கினால் அவற்றிலிருந்து மயோகுளோபின் என்ற தசைப் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் காபி டிகாஷன் நிறத்துக்கு மாறும், பிறகு குறையும், ஓரிரு நாளில் நின்றேபோகும். அதற்குள் ஆள் சிறைக்குப் போயிருப்பார். அங்கே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்து இறந்தார் என்று செய்தி வரும். ஸ்டேஷன் கணக்கில் மரணமே இல்லை.

இதைத் தடுக்கக்கூடிய கடைசி ஆள் ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட். முதல்முறை நேரில் ஆஜர்படுத்தியே ஆக வேண்டும், வீடியோவில் முடியாது. கைதியிடம் அவர் தனியாக இரண்டு கேள்வி கேட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, பார்த்த காயத்தை ரிமாண்ட் உத்தரவிலேயே எழுதிவிட்டால் பிறகு எந்த ரிப்போர்ட்டாலும் அதை அழிக்க முடியாது. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் போலீஸ் ஸ்டேஷனில் அடிக்கப்பட்ட தந்தையும் மகனும் ரிமாண்டைத் தாண்டி கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், அடுத்தடுத்த நாள்களில் இறந்தார்கள். நம் படங்களில் ரிமாண்ட் என்பது ஒரு ரப்பர் ஸ்டாம்ப் சத்தம். விதிவிலக்கு ‘விசாரணை’. குண்டூர் நீதிமன்றத்தில் தமிழ்க் கைதிகள் சொல்வது என்ன என்று நீதிபதி மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்பதாலேயே அங்கே கதை திரும்புகிறது.

இன்னொரு பழைய தவறு, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கியதும் ஆட்டம் முடிந்துவிட்டதாகக் காட்டுவது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவிலும் அப்படித்தான், 2024 ஜூலை 1-இல் வந்த புதிய சட்டத்தின் 23-ஆவது பிரிவிலும் அப்படித்தான். பிறகு ஏன் அடிக்கிறார்கள்? அந்த வாக்குமூலத்தைக் கொண்டு ஒரு பொருளைக் கண்டெடுத்தால், கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். நகையோ கத்தியோ எங்கிருந்தாவது ‘கிடைத்தாக’ வேண்டும். அதற்கு மகஜர் என்ற கைப்பற்றல் பத்திரம், மகஜருக்கு இரண்டு சாட்சி. கையெழுத்துக்கு முன்பே பொருள் வந்து சேரும் அந்த மகஜரைப் படமாக்குங்கள், அடிக்குக் காரணம் புரியும். அதே 2024-இல் இன்னொரு மாற்றமும் வந்தது: 15 நாள் போலீஸ் காவலை, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாள்களுக்குள் துண்டு துண்டாக எடுக்கலாம். சிறைக்குப் போய்விட்டோம் என்று மூச்சுவிட்ட ஆளைத் திரும்ப அழைக்க வழி இருக்கிறது. இந்தப் பயத்தை வைத்து இதுவரை ஒரு நல்ல கதை வரவில்லை. டிவி தொடர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அங்கே ஒரு போனில் கைது, அடுத்த போனில் ஜாமீன்.

சிசிடிவிக்கு வருவோம். ‘ஃபுட்டேஜ் அழிஞ்சிடுச்சு சார்’ என்பது இப்போது எல்லாப் படத்திலும் வரும் வசனம். எப்படி அழிகிறது? சாத்தான்குளம் ஸ்டேஷனை விசாரித்த மாஜிஸ்திரேட், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் போதிய இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். யாரும் சுத்தியலால் உடைக்கவில்லை. மெனுவில் ஒரு தேர்வு, அவ்வளவுதான். அதே 2020 டிசம்பர் 2-இல் உச்ச நீதிமன்றம், நுழைவாயில் முதல் லாக்கப், வராந்தா, அதிகாரிகளின் அறைகள்வரை ஒலியோடு கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், எந்த நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று சொன்னது. ‘ஒரு வாரம்தான் இருக்கும்’ என்று திரையில் போலீஸ்காரர் சொல்லும்போது எதிரே நிற்கும் ஹீரோ வக்கீல் வாயடைத்து நிற்கிறார். உண்மையில் அவர் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது.

தீர்ப்பு வாசித்ததும் பின்னணி இசை உயர்ந்து படம் முடிகிறது. வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த் துறையும் நடத்திய வன்முறைக்கு தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மேல்முறையீடுகள் 2023 செப்டம்பர் 29-இல்தான் தள்ளுபடியாயின. அந்த 31 ஆண்டில் சாட்சி சொன்ன பெண்கள் எத்தனை வாய்தாவுக்குப் பஸ் ஏறினார்கள், அன்றைய கூலியை யார் கொடுத்தார்கள் என்பது தனிப் படத்துக்கே காணும்.

முடிவாக, இந்த நாளிதழின் செய்திப் பிரிவுக்கும் ஒரு வேண்டுகோள். போலீஸ் காவலில் மரணம் நிகழ்ந்தால் ‘ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணைக்கு உத்தரவு’ என்று இன்னும் பல இதழ்கள் அச்சிடுகின்றன. படங்களும் அதையே திரும்பச் சொல்கின்றன. 2006 ஜூன் 23 முதல் இந்த மரணங்களை விசாரிக்க வேண்டியவர் நீதித்துறை மாஜிஸ்திரேட். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் அது 196-ஆவது பிரிவு. அடுத்த முறை செய்தி வரும்போது எந்த மாஜிஸ்திரேட், எந்தத் தேதியில் விசாரணையைத் தொடங்கினார், பிரேதப் பரிசோதனை வீடியோ எடுக்கப்பட்டதா, குடும்பத்துக்கு ரிப்போர்ட் நகல் கிடைத்ததா என்ற நான்கு விவரங்களையும் சேர்த்துப் போடுங்கள். திரைக்கதை எழுதுகிறவர்களும் பேப்பர் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
காவல் மரண வழக்குகளில் பணியாற்றும் வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற தடயவியல் மருத்துவர் ஒருவர்
மதுரை