‘ரீமாஸ்டர்’ என்ற ஒரு சொல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஜாஸ் இசைத்தட்டுகளின் மறுவெளியீடு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை கண்டேன். ஜாஸுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் உறையில் ‘மூல நாடாவிலிருந்து ரீமாஸ்டர்’ (பழைய பதிவைப் புதிய வெளியீட்டுக்காக ஒலி சீர்செய்தது) என்றும் ‘180 கிராம்’ (தட்டின் எடை) என்றும் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம் என்று கட்டுரை சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் வாசகர் ஏமாறுவார். எந்த நாடா, அது ஒரு தட மோனோவா இரு தட ஸ்டீரியோவா, எந்த வேகத்தில் ஓட்டினார்கள், நாடாவின் ஒலியைத் தட்டில் வரிகளாக வெட்டியது யார் என்ற நான்கு கேள்விக்கும் அந்த இரண்டு வாசகங்களில் பதில் கிடையாது.

முதலில் ஒரு திருத்தம். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டைக் கட்டுரை ரீமாஸ்டருக்கு உதாரணமாகக் காட்டுகிறது. 1997இல் வந்தது வெறும் ரீமாஸ்டர் அல்ல, ரீமிக்ஸ், அதாவது தடங்களை மறுபடி கலந்தது. அந்த இசை 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாட்களில் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆவது தெரு ஸ்டுடியோவில் மூன்று தட நாடாவில் பதிவானது. அந்த மூன்று தடங்களை இரண்டாகக் கலந்து செய்த நாடாவிலிருந்துதான் அன்றைய ஸ்டீரியோ தட்டு வெட்டப்பட்டது. மூன்று தட நாடாவுக்குத் திரும்பிப் போகும் எவரும் சாக்ஸஃபோன் எவ்வளவு, பியானோ எவ்வளவு, எதிரொலி எவ்வளவு என்பதை மறுபடி தீர்மானித்தே ஆக வேண்டும். அந்தத் தீர்மானம் நன்றாக இருக்கலாம், ஆனால் 1959இல் கேட்டது அதுவல்ல.

அதே தட்டில் வேகக் கோளாறும் இருந்தது. மார்ச் 2 அன்று மாஸ்டர் நாடா ஓடிய இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டால் சுருதி ஏறும். ஆகவே அன்று பதிவான முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொஞ்சம் உயர்ந்த சுருதியிலேயே விற்றன. கூடவே வாசிக்க உட்கார்ந்தவர்கள் தங்கள் கருவியைச் சந்தேகித்தார்கள். பாதுகாப்புக்காகப் பக்கத்தில் ஓடவிட்டிருந்த இரண்டாவது இயந்திரத்தின் நாடா சரியாக இருந்ததால், அதைக்கொண்டு 1992இல் பிழை திருத்தப்பட்டது. உங்கள் பிரதி எது என்று அறிய, சுருதி சரியாக உள்ள ஒரு கீபோர்டை எடுத்துக்கொண்டு ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ போடுங்கள். அது பி ஃப்ளாட்டில் (பி சுரத்துக்கு அரைச் சுரம் கீழே) அமைந்த ப்ளூஸ். கீபோர்டின் பி ஃப்ளாட்டோடு ஒட்டினால் திருத்திய பதிப்பு. பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் எங்கோ தொங்கினால் பழைய வேகம். இரண்டாம் பக்கத்தில் இந்தச் சோதனை பலிக்காது, ஏப்ரல் 22 நாடாவில் பிழை இல்லை.

ரீமாஸ்டர் என்ற பெயரில் நடப்பது சில சமயம் புதுப்பித்தலையும் தாண்டிப் போகிறது. இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் 1956 நியூபோர்ட் விழாக் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் குழுவின் பால் கான்சால்வஸ் 27 சுற்று சாக்ஸஃபோன் வாசித்தபோது கொலம்பியாவின் மைக்கை விட்டு, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக் முன்னால் நின்றார். கொலம்பியா நாடாவில் அவர் தூரத்தில் நிற்பது போலத்தான் கேட்கும். போதாக்குறைக்கு, அன்றைய எல்பியில் (நீண்ட நேரம் ஓடும் தட்டு) கணிசமான பகுதியை ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துக் கைதட்டலை ஒட்டியிருந்தார்கள். பின்னாளில் வானொலி நாடா கிடைத்ததும், இரண்டு மோனோ நாடாக்களையும் ஒன்றோடொன்று பொருத்தி, ஒன்றை இடப் பக்கமும் மற்றதை வலப் பக்கமும் வைத்து 1999இல் ஸ்டீரியோவாக வெளியிட்டார்கள். இரு இயந்திரங்கள் ஒருபோதும் ஒரே வேகத்தில் ஓடாது, ஆகவே துண்டு துண்டாகத்தான் பொருத்த முடியும். இந்த வெளியீட்டைத் தயங்காமல் வாங்கலாம். பழைய எல்பி ஓர் ஆவணமாக இருந்துவிட்டுப் போகட்டும். சார்ல்ஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ உம்’ இன்னொரு வகை: ஒன்பது பாட்டுகளில் ஆறு 1959இல் எல்பிக்காகக் கத்தரிக்கப்பட்டவை, பிந்தைய பதிப்புகளில் வெட்டிய பகுதிகள் திரும்பி வந்திருக்கின்றன. நீளமான பிரதி கூடுதல் இசை தருகிறது. கட்டுக்கோப்பு வேண்டுமென்றால் வெட்டிய பிரதிதான், இது என் அபிப்பிராயம்.

மோனோ, ஸ்டீரியோ விஷயத்தில் கட்டுரை ஒரே வரியில் ‘ஸ்டீரியோவே மேல்’ என்று முடித்துவிட்டது. ப்ளூ நோட் நிறுவனத்தின் பதிவுகளைச் செய்த ரூடி வான் கெல்டர், 1957 முதல் 1958 இறுதி வரை மோனோவுக்கு ஓர் இயந்திரம், ஸ்டீரியோவுக்கு ஓர் இயந்திரம் எனத் தனித்தனியே ஓடவிட்டார். 1957 செப்டம்பர் 15இல் பதிவான சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெய்ன்’ இந்தக் காலத்தது. அதன் மோனோவும் ஸ்டீரியோவும் இரு வேறு நாடாக்கள், இரண்டும் தனித்தனியே கேட்கத் தகுந்தவை. அதற்குப் பிறகு மோனோ எல்பி என்பது பெரும்பாலும் ஸ்டீரியோவின் இரு தடங்களைச் சமமாகக் கூட்டியதுதான். அப்படிப்பட்ட பதிவுக்கு ‘உண்மையான மோனோ’ என்று அதிக விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை, ஆம்ப்ளிஃபயரில் மோனோ ஸ்விட்ச் இருந்தால் அதுவே போதும். 1957க்கு முன் அவர் பதிந்தவற்றுக்கு மோனோ ஒன்றே மூலம். சன்னி ராலின்ஸின் ‘சாக்ஸஃபோன் கொலோசஸ்’ 1956 ஜூன் 22இல் மோனோவில் பதிவானது. இத்தகைய பதிவுகளை அறுபதுகளில் ‘மின்னணு முறையில் ஸ்டீரியோவாக்கியது’ என்ற குறிப்போடு விற்றார்கள்: கீழ்ஸ்தாயியை ஒரு பக்கம் தள்ளி, மேல்ஸ்தாயியை மறுபக்கம் தள்ளி, நடுவில் சிறு தாமதம் சேர்ப்பது வழக்கம். மோனோ ஸ்விட்சைப் போட்டாலும் இதை மீட்க முடியாது, தாமதத்தால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பழைய கடைகளில் அந்த வாசகம் தென்பட்டால் தட்டை அங்கேயே வைத்துவிடுங்கள்.

பழைய நாடாக்களை அடுப்பில் வாட்டியெடுத்து ரீமாஸ்டர் செய்கிறார்கள் என்று கட்டுரை சொல்லும் பத்தி இந்தக் காலத்துப் பதிவுகளுக்குப் பொருந்தாது. வாட்டுவது எழுபதுகளில் வந்த, பின்புறம் பூச்சுள்ள பாலியெஸ்டர் நாடாவுக்கு. அதன் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுத்து, நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டும். 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்தால் சில வாரங்களுக்கு ஓட்டும் நிலைக்கு வரும். ஐம்பதுகளின் நாடா பெரும்பாலும் அசிட்டேட். அதை வாட்டினால் வறண்டு சுருளும். அதன் நோய் வேறு, வயதாகும்போது புளிக்காடி வாசனை வீசி நொறுங்க ஆரம்பிக்கும். ஒரு நல்ல குணமும் உண்டு: பாலியெஸ்டர் போல இழுபடாமல் பட்டென்று அறும், அறுந்ததை ஒலி இழக்காமல் ஒட்டலாம். ஒட்டுகள்தான் அடிக்கடி தொல்லை. ‘ப்ளூ ட்ரெய்ன்’ தலைப்புப் பாட்டிலேயே 9ஆவது டேக்கினுள் (ஒன்பதாம் முறை வாசித்த பதிவு) 8ஆவது டேக்கின் பியானோ தனி வாசிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. அறுபது ஆண்டில் ஒட்டுநாடாவின் பசை காய்ந்து, ஓடும்போதே இணைப்பு பிரியும், எல்லா ஒட்டையும் முதலில் புதுப்பிக்க வேண்டும். அடுத்து ஹெட்டின் சாய்வு. பதிந்த இயந்திரத்தின் சாய்வோடு ஒலிக்கும் இயந்திரத்தின் சாய்வு பொருந்தாவிட்டால் முதலில் போவது டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் மினுக்கம். பிற்காலம் போல நாடாவின் தலையில் சோதனை ஒலிகள் பதிந்திருக்காவிட்டால், பாட்டைக் கேட்டே சாய்வை நேராக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மூல நாடா இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். 1978இல் நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்சில் இருந்த அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது வெளிவராத பதிவுகள் ஏராளமாகப் போயின. 2018இல் வெளியான கோல்ட்ரேனின் 1963 மார்ச் 6 பதிவு, மாஸ்டர் தொலைந்தபின் அவருடைய முதல் மனைவியின் குடும்பத்திடம் இருந்த மோனோ நாடாவிலிருந்து எடுத்தது.

இரைச்சல் நீக்கத்தைக் கட்டுரை பெரிய சாதனையாகச் சொல்கிறது. என் பார்வையில் ஐம்பதுகளின் ஜாஸுக்கு நேர்ந்த பெரிய கெடுதல் அதுதான். நாடாவின் ‘ஸ்ஸ்’ ஒலியும் ரைடு சிம்பலின் வாலும் ஒரே இடத்தில் வாழ்கின்றன. ஒன்றை வழித்தால் மற்றதும் வரும். ஹெட்ஃபோனில் பாட்டின் கடைசி மூன்று விநாடியைக் கேளுங்கள். பியானோ சுருதி அடங்கும் முன்பே அறை காணாமல் போனால் கத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்தது ஒலியளவை ஏற்றும் பழக்கம். 1999 முதல் வான் கெல்டரே தம் பழைய பதிவுகளை 24 பிட் டிஜிட்டலாக மாற்றி ஒரு வரிசை வெளியிட்டார். மைக் வைத்தவரே செய்தும், அவற்றில் சில அளவுக்கு மீறி உரக்கவும் ஸ்டீரியோ குறுகியும் இருக்கின்றன என்று கேட்பவர்கள் குறைபட்டார்கள். இரு பதிப்புகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலும் ‘தெளிவு’ என்றே காது சொல்லும். இரண்டையும் கணினியில் பதிந்து, ஒரே பகுதியின் சராசரி அளவை 0.2 டெசிபலுக்குள் கொண்டுவந்து கேளுங்கள். ஏற்ற இறக்கத்தை எண்ணில் சொல்லும் மென்பொருளை எல்பிக்கு நம்பாதீர்கள், ஒரே டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து வந்த சிடியையும் எல்பியையும் அளந்தால் எல்பிக்கே கூடுதல் எண் காட்டும்.

முழு அனலாக், அதாவது இடையில் டிஜிட்டல் படியே இல்லை என்ற வாக்குறுதி பற்றி. தட்டு வெட்டும் இயந்திரம் அடுத்த சுற்றில் ஒலி எவ்வளவு பலமாக வரும் என்று முன்கூட்டி அறிந்தால்தான் வரிகளுக்கு இடம் விட முடியும். அதற்கு நாடா இயந்திரத்தில் முன்னோட்ட ஹெட் ஒன்று தனியாக வேண்டும். எழுபதுகளின் இறுதியிலிருந்து பல இடங்களில் அந்த ஹெட்டுக்குப் பதில் டிஜிட்டல் தாமதக் கருவி வந்தது. தட்டில் வெட்டப்பட்டது அந்தக் கருவி வழியாக வந்த ஒலி. ஆக எண்பதுகளின் எல்பி என்பதாலேயே அது அனலாக் ஆகிவிடாது. 2022இல் மறுவெளியீட்டு நிறுவனமான மொபைல் ஃபிடெலிட்டி தன் பல வெளியீடுகளில் டிஎஸ்டி என்ற டிஜிட்டல் படி இருந்ததை ஒப்புக்கொண்டதும் பெரும் சலசலப்பு எழுந்தது. சொல்லாமல் விற்றது தவறு. ஆனால் அந்தத் தட்டுகளை அனலாக்கின் உச்சம் என்று புகழ்ந்தவர்கள் காதால் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

மலிவான பளபளப்பு எல்பிகள் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுக்கான உரிமை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக உயர்ந்தபோது, 1963க்கு முன் வெளியானவை ஏற்கெனவே காலாவதியாகியிருந்தன. அவற்றுக்கு உரிமை திரும்பவில்லை. அதனால் அங்கே யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சிடலாம். சட்டப்படி குற்றமில்லை, ஆனால் மூல நாடா உரிமையாளரின் பெட்டகத்தில் இருக்கும், இவர்கள் கைக்கு வராது. சிடியிலிருந்தோ வேறு தட்டிலிருந்தோ எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். பின்னட்டையில் வெட்டியவர் பெயர், இடம், நாடா பற்றிய குறிப்பு மூன்றும் இல்லையென்றால் அதற்கேற்ற விலைதான் கொடுக்கலாம். ப்ளூ நோட்டின் டோன் போயட் மறுவெளியீட்டு வரிசையில் வெட்டியவர் கெவின் கிரே என்று பெயர் போட்டே விற்கிறார்கள்.

ப்ளூ நோட்டின் முதல் அச்சுகளைத் தேடுவோருக்குச் சுருக்கமாக: லேபிளில் உள்ள முகவரியை மட்டும் பார்க்காதீர்கள். அறுபதுகளின் நடுவில் நிறுவனம் கைமாறிய பிறகும் மிச்சமிருந்த பழைய லேபிள்கள் ஒட்டப்பட்டன. தட்டின் உள்விளிம்பில், பாட்டு முடிந்த வெற்றிடத்தில், காது போன்ற ஒரு சிறு வடு இருக்க வேண்டும். அது பிளாஸ்டிலைட் என்ற அச்சாலையின் முதல் எழுத்தான P. கூடவே வான் கெல்டரின் பெயரோ முதலெழுத்துகளோ இருக்கும். அப்படிக் கிடைத்தாலும் அது நாடாவின் நேர் நகல் அல்ல. அன்றைய சாதாரண பிளேயர்களில் ஊசி தாவாமலிருக்க அடித்தள ஒலியைக் குறைத்தே அவர் வெட்டினார். பால் சேம்பர்ஸின் பேஸ் நல்ல மறுவெளியீடுகளில் கனமாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

180 கிராமால் ஒலிக்கு நேரடிப் பயன் ஒன்றும் இல்லை, வரியின் ஆழம் எடையைப் பொறுத்ததல்ல. நிமிடத்துக்கு 45 சுழற்சியில் இரண்டு தட்டாக வருவதில் பயன் உண்டு. 33 சுழற்சியில் வெளிவரியில் விநாடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் ஓடும் ஊசி, உள்வரியில் 21 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அங்கே ட்ரம்பெட் கரகரக்கும். 45இல் அதே இடத்தில் 28 கிடைக்கும். புதுத் தட்டு வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது நடுத்துளை. துளை அரை மில்லிமீட்டர் விலகினால்கூட உள்வரியில் சுருதி 0.8 சதவீதம் ஏறி இறங்கும், 1.8 விநாடிக்கு ஒருமுறை பியானோ தள்ளாடும். டர்ன்டேபிளைச் சரிசெய்து இதைப் போக்க முடியாது. தட்டைத் திருப்பிக் கொடுத்து மாற்றுங்கள்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இரண்டாம் பக்கத்தில் ‘ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்’ முதலிலும் ‘ஆல் ப்ளூஸ்’ பின்னாலும் போடப்பட்டுள்ளன. முதல் அச்சின் லேபிளிலேயே அந்த இரண்டு பெயர்களும் இடம் மாறியிருந்தன, அந்த அச்சைப் பார்த்து எழுதியிருக்கலாம். 6/8 தாளத்தில் ஆடிக்கொண்டு போகும் முதல் பாட்டுதான் ‘ஆல் ப்ளூஸ்’.

இப்படிக்கு,
ஒரு வாசகர்