கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்தால் கோவை காந்திபுரத்திலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் கம்ப்யூட்டர் கடைகளில் கிராபிக்ஸ் கார்டு விசாரிக்கும் கூட்டம் அதிகமாகிறது. பாதிப் பேர் கேம் ஆடும் பிள்ளைகள். மற்றவர்கள் துணி டிசைன், பேட்டர்ன், மெஷின் டிராயிங் போடுகிறவர்கள். கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் பிரித்துத் தரும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். "இப்ப இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். போதுங்களா?" என்று கேட்டால், "450 வாட்ஸ் இருக்குதுங்க, தாராளமாப் போதும்" என்று சொல்லிப் பில் போட்டுவிடுகிறார்கள். அந்த 450 எதன் கணக்கு என்று யாரும் பார்ப்பதில்லை. கார்டுக்குப் பல ஆயிரம் கொடுத்தவர் இரண்டே வாரத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு அலைவது இதனால்தான்.

எஸ்.எம்.பி.எஸ். 3.3, 5, 12 வோல்ட் என்று மூன்று முக்கிய வழிகளில் கரண்ட் தருகிறது. கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் தமக்கு வேண்டியதை ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டிலிருந்தே இழுக்கும். பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் 450 எல்லா வழிகளையும் சேர்த்துச் சொல்லும் எண். ஆகவே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, ஸ்டிக்கரில் உள்ள சிறிய கட்டத்தைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்ஸ்தான். 37 ஆம்பியர் என்றால் 444. இரண்டின் வெளியிலும் 450 என்றே எழுதியிருக்கலாம். சிலவற்றில் 12 வோல்ட் இரண்டு கட்டமாக, 16 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று இருக்கும். 32 என்று கூட்டிவிடாதீர்கள். அந்த இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் இத்தனை வாட்ஸ் என்று கீழே தனியாகப் போட்டிருப்பதே கணக்கு.

இனி தேவை எவ்வளவு என்று பார்ப்போம். இன்டெல் ஐ5-12400 பிராசசர் 65 வாட்ஸ் என்று சொல்லி விற்கப்படுகிறது. வேலை அதிகமானதும் தானே வேகம் கூட்டி டர்போவில் ஓடும்போது 117 வரை போகும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170. இரண்டும் சேர்ந்து 287. ஃபேன், டிஸ்க், மதர்போர்டு என்று 12 வோல்ட்டில் இன்னொரு 25 வாட்ஸ் வைத்தால் 312, அதாவது 26 ஆம்பியர். எஸ்.எம்.பி.எஸ்.-ஐ முழுக் கொள்ளளவில் மணிக்கணக்காக ஓட்டக் கூடாது. கால் பங்கு கூட்டினால் 32, 33 ஆம்பியர் வருகிறது. மேலே சொன்ன 18 ஆம்பியர் சரக்கு இதற்கு எந்த வகையிலும் ஆகாது. 37 ஆம்பியர் தரும் நல்ல 450 சமாளிக்கும். ஆர்டிஎக்ஸ் கார்டுகளின் கம்பெனியான என்விடியா 3060-க்கு 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். சொல்வது, வாங்குகிறவர் என்ன தரத்தில் வாங்குவார் என்று தெரியாததால் சேர்த்துச் சொல்வதுதான். ஆர்டிஎக்ஸ் 4060 வெறும் 115 வாட்ஸ் என்பதால் பழைய கம்ப்யூட்டருக்கு அதுவே எளிது. பெரிய கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்குள் தம் அளவைவிட மிக அதிகமாக இழுத்துவிட்டு இறங்கும். அதைத் தாங்குவதற்காகவே 2022-இல் எஸ்.எம்.பி.எஸ்.-களுக்கு ஏடிஎக்ஸ் 3.0 என்ற விதி வந்தது. 300 வாட்ஸுக்கு மேற்பட்ட கார்டு போடுகிறவர்கள் அந்த விதிப்படி செய்ததையே வாங்குங்கள்.

அடுத்தது கனெக்டர். மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் 75 வாட்ஸ் வரை தரும். 6 பின் ஒயர் இன்னொரு 75, 8 பின் ஒயர் 150. கார்டு 8 பின் கேட்டு, உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.-இல் அந்த ஒயரே இல்லை என்றால், அதைச் செய்தவரே இப்படி ஒரு கார்டுக்காகச் செய்யவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். அங்கேதான் கடையில், சாட்டா கனெக்டரை 8 பின்னாக மாற்றும் ஒரு கன்வெர்டர் ஒயரை எடுத்து நீட்டுவார்கள். ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் 54 வாட்ஸ்தான் தாங்கும். அதில் 150 வாட்ஸை இழுத்தால் மெல்லிய பின் சூடேறும், வெள்ளை பிளாஸ்டிக் முதலில் பழுப்பாகும், பிறகு உருகிப் பின்னோடு ஒட்டிக்கொள்ளும். தயவுசெய்து அந்த ஒயரை வாங்காதீர்கள். பிராசசருக்குப் போகும் 8 பின்னும் கார்டுக்குப் போகும் 8 பின்னும் பார்வைக்கு ஒன்று போலிருக்கும். முன்னதில் மஞ்சள் நான்கு, கறுப்பு நான்கு. பின்னதில் மஞ்சள் மூன்று, கறுப்பு ஐந்து. ஒன்றை மற்றதன் இடத்தில் அமுக்கிச் செருகினால் 12 வோல்ட் நேரே எர்த்தில் போய் முட்டும். கழற்றி மாட்டும் ஒயர் உள்ள மாடல்களில் ஒரு கம்பெனி ஒயரை இன்னொரு கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்.-இல் மாட்டுவதும் இதே ஆபத்துதான்.

அலுவலகங்கள் கழித்துவிட்ட பிராண்டட் கம்ப்யூட்டர்களை நம் பக்கம் நிறையப் பேர் வாங்குகிறார்கள். பலவற்றில் 180 முதல் 260 வாட்ஸ் வரைதான் இருக்கும். சிலவற்றில் போர்டுக்குப் போகும் பிளக்கே வழக்கமான 24 பின்னாக இருக்காது. அவற்றில் கடையில் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ்.-ஐ நேரடியாக மாட்ட முடியாது. தனி ஒயர் கேட்காத 70, 75 வாட்ஸ் கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடல் 70 வாட்ஸ்தான்.

ஏற்கெனவே கார்டு போட்டுவிட்டவர்கள், கேம் ஓடும்போது உபரியாக உள்ள 4 பின் பிளக்கின் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் இடையே இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 12.1 காட்டி, கேம் ஏறியதும் 11.3-க்கு இறங்கினால் எஸ்.எம்.பி.எஸ். திணறுகிறது. லோடு ஏறிய நொடியிலேயே பட்டென்று அணைந்தால் பெரும்பாலும் அதுவே காரணம். இருபது நிமிடம் ஓடிவிட்டு அணைந்தால் முதலில் சூட்டைப் பாருங்கள். விண்டோஸ் பதிவில் வரும் கெர்னல்-பவர் 41 என்ற பிழை, முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. அதை வைத்து எதையும் மாற்ற வேண்டாம். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து ஃபேனைச் சுற்றவிட்டுக் காட்டுவது, உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மட்டுமே. எவ்வளவு தாங்கும் என்று அது சொல்லாது.

பல்லடம், சோமனூர், சென்னிமலைப் பக்கம் தறி ஓடும் இடங்களில் பஞ்சுத் தூசி எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் வலையில் கம்பளி போலப் படிந்துவிடும். கரூர், ஈரோடு வெயிலில் காற்று போகாத பெட்டி, ஸ்டிக்கரில் உள்ளதைக்கூடத் தராது. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, ஃபேன் சுற்றாமல் குச்சியால் தடுத்துப் பிடித்து, வெளியிலிருந்தே ப்ளோயர் அடியுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.-ஐத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட்டைத் தேக்கி வைக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கொட்டேஷனில் "450 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்." என்று எழுதுவதோடு 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர், கார்டுக்கான ஒயர் எத்தனை பின் என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஒரு வரிதான். வாங்குகிறவர்களும் அந்த வரி இல்லாமல் பணம் கட்டாதீர்கள். வீட்டில் உள்ள யு.பி.எஸ்.-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். வழக்கமான 600 விஏ யு.பி.எஸ். சுமார் 360 வாட்ஸ்தான் தரும். மேலே கணக்குப் போட்ட கம்ப்யூட்டர் முழு லோடில் மானிட்டர் இல்லாமலேயே அதைத் தாண்டிவிடும். கரண்ட் போன நொடியில் யு.பி.எஸ்.-உம் சேர்ந்து அணைந்தால் அதைப் பழுது என்று நினைத்து பேட்டரி மாற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் டெக்னீஷியன்,
பல்லடம்.