புல்வெட்டியை ஓரங்கட்டும் முன்

டர்பன்,
மே மாதம்.

அன்பு மகளுக்கு,

உறைபனி விழத் தொடங்கிவிட்டது, வாசலில் கிகூயூ புல் காய்ந்து பழுப்பேறிவிட்டது என்று நீ சொன்னதும், எனக்குப் புல்வெட்டியின் நினைவுதான் வந்தது. டர்பனில் குளிர்காலத்திலும் புல் மெல்ல வளர்ந்துகொண்டிருப்பதால், குளிர்காலத்துக்காகப் புல்வெட்டியை ஓரங்கட்டி வைக்கும் வேலையை நம் வீட்டில் நீ பார்த்திருக்க வழியில்லை. ஜோகனஸ்பர்க்கிலோ புரட்டாசி விரதம் நெருங்கும் வரை அதற்கு வேலை இருக்காது. அத்தனை மாதமும் அதில் பெட்ரோல் கிடக்கக் கூடாது.

ஒரு மாதம் தாண்டினாலே பெட்ரோல் கெடத் தொடங்கும். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, மிஞ்சுவது பிசினாகி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்துக்கொள்ளும். முதல் மழைக்குப் பிறகு, தோள் வலிக்கக் கயிற்றை இழுத்தும் கிளம்பாத எந்திரங்கள் பலவற்றுக்கும் நோய் இதுதான். ஆகவே எஞ்சின் ஆறியிருக்கும்போது டேங்கில் உள்ளதைக் கேனில் இறக்கிவிட்டு, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும் வரை திறந்த வெளியில் ஓடவிடு. ஆறியபின் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துப் போல்ட்டைத் தளர்த்தினால் இன்னும் கொஞ்சம் சொட்டும், அதையும் விட்டுவைக்காதே. கெடாமல் காக்கும் மருந்தைக் கலந்து டேங்கை நிரப்பி வைப்போரும் உண்டு. கலந்தபின் சில நிமிடம் ஓட்டினால்தான் அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரும். எனக்குக் காலி டேங்கில்தான் நம்பிக்கை. இறக்கிய பெட்ரோல் புதியதானால் காரில் ஊற்றிக்கொள். புதர் வெட்டும் பிரஷ்கட்டருக்கு ஆயில் கலந்து வைத்ததை மட்டும் காரில் ஊற்றாதே.

ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றாமல் கத்தியின் பக்கம் கை கொண்டுபோகாதே. இதில் மட்டும் என் பேச்சைத் தட்டக் கூடாது. எந்திரத்தைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேற்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆயில் அதில் இறங்கிவிடும். அடியில் அப்பிய புல் ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், மரத்துண்டால் சுரண்டி எடுத்துவிடு. பழைய ஆயிலையும் மாற்றிவிடு. பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்தால், சிலிண்டர் சுவரில் ஆயில் படர்ந்து துருவைத் தடுக்கும். பிளக்கைத் திரும்ப மாட்டு. வயர் கழன்றே இருக்கட்டும்.

கராஜில் கேஸ் கீசர் எரிகிற மூலையில் மட்டும் எந்திரத்தையோ பெட்ரோல் கேனையோ வைக்காதே.

அன்புடன்,
அப்பா