துண்டு வெட்டினாப் பிறகு ஆர் பாக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிசவாதத்தைப் பற்றி போன கிழமை உங்கட பேப்பரில வந்த கட்டுரையை வாசிச்சன். வாய் கோணினா, கை விழுந்தா, கதை குழறினா உடன 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, நாலரை மணித்தியாலத்துக்குள்ள போனாத்தான் ரத்தக்கட்டி கரைக்கிற ஊசி போடலாம் எண்டு நல்லாத்தான் எழுதியிருந்தவை. ஆனா ஆஸ்பத்திரியால வீட்ட வந்தாப் பிறகு என்ன செய்யிறது எண்டு ஒரு வரியும் இல்லை.

எங்கட இவருக்கு போன வருசம் சிறுபோகம் வெட்டுற நேரம் வந்தது. மூளையின்ர இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைச்சு, வலது கையும் காலும் போய் கதையும் போச்சு. நாங்கள் வெயில் அடிச்சிட்டுதாக்கும் எண்டு எண்ணெய் தடவிக்கொண்டு இருந்ததில நேரம் போயிட்டுது, ஊசி போடேலாது எண்டிட்டினம். பத்து நாளில வீட்ட போகலாம் எண்டு துண்டு வெட்டி, குளிசையும் கிளினிக் கொப்பியும் தந்து விட்டவை. பிசியோவுக்கு அடுத்த திகதி ஒரு மாசம் கழிச்சு! முதல் மூண்டு மாசம்தான் கூடத் தேறுற காலம் எண்டு அதே பிசியோ மிஸ்தான் சொன்னவா, பிறகு இது என்ன கணக்கு? அவவில பிழை இல்லை, வாசலில நிண்ட சனம் அவ்வளவு.

பாக்க வந்த சொந்தக்காரர் எல்லாம் அந்த விழுந்த கையைப் பிடிச்சு இழுத்துத்தான் எழுப்பினவை, நானும்தான். தோள்மூட்டு இறங்கி ராத்திரி முழுக்க நோவில அனுங்குவார். கையை இழுக்கக்கூடாது, இடுப்பைப் பிடிச்சு எழுப்போணும், படுக்கேக்க கைக்குக் கீழ தலகாணி வைக்கோணும் எண்டு ரெண்டாந்தரம் போகேக்கதான் தெரியும். ஒருத்தர் புறா ரத்தம் பூசச் சொல்லி புறாவோடயே வந்து நிண்டவர்.

என்ன கேட்டாலும் 'ஓம்' மட்டும்தான். சோறு வேணுமோ, ஓம். வேண்டாமோ, அதுக்கும் ஓம். ஒரு வெள்ளிக்கிழமை நான் விளக்கு வைச்சுத் தேவாரம் பாட, பின்னால கட்டிலில இருந்து அவரும் சொல்லுப் பிசகாமப் பாடுறார், எனக்கு கை நடுங்கிப்போச்சு. கதை போன ஆக்களுக்கும் பாட்டு வருமாம், மிஸ் சொன்னவா. பிறகு 'தண்ணி தா' எண்டதையும் ராகமா இழுத்து இழுத்துத்தான் பழக்கினன்.

மகன் பிளாஸ்டிக் கதிரையின்ர நடுவில ஓட்டை வெட்டி கக்கூசுக்கு மேல வைச்சவன். இன்னொரு கதிரையில இருந்து எழும்பி எழும்பித்தான் காலுக்குப் பலம் வந்தது. இப்ப பொல்லு ஊண்டி படலை வரைக்கும் போவார், சேட் பொத்தான் பூட்டேலாது.

'புனர்வாழ்வு' எண்டா எங்கட சனம் 2009ல சண்டை முடிஞ்சாப் பிறகு போராளியளைக் கொண்டுபோய் வைச்சிருந்ததைத்தான் நினைக்கும், கிளினிக் கொப்பியில அந்தச் சொல்லைக் கண்டு மாமி பயந்தே போனவா. மாங்குளத்தில இப்பிடி விழுந்த ஆக்களைத் தேற்றி எடுக்கிறதுக்கெண்டு பெரிய கட்டடம் கட்டினது சந்தோசம், ஆனா முத்தையன்கட்டில இருந்து விழுந்த ஆளை ஓட்டோவில ஏத்திக்கொண்டு போற காசு ஒரு நாள் கூலியை விடக் கூட. கிழமையில ஒரு நாள் பிசியோ ஆக்கள் எங்கட பக்கத்து சின்ன ஆஸ்பத்திரிக்கு வரட்டும். அதுவும் ஏலாட்டி, துண்டு வெட்டுற அண்டைக்கு வீட்டில பாக்கிற ஆளைக் கூப்பிட்டு எப்பிடித் தூக்கிறது, எப்பிடி நிமித்தி இருத்திச் சாப்பாடு குடுக்கிறது எண்டு ஒரு மணித்தியாலம் காட்டி விடட்டும்.

இதை அவருக்கு வாசிச்சுக் காட்டினன். புறாக் கதையை எடு எண்டு இடது கையால காட்டினவர், நான் எடுக்கேல்லை.

இப்படிக்கு,
முத்தையன்கட்டு வாசகி