பில்லில் எழுதித் தாருங்கள், முதலாளிமாரே

கொழும்பு பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடை முதலாளிமாருக்கு, வணக்கம்.

பதினைந்து வருடமாக உங்கள் கடைகளில் ஏறி இறங்குகிறவன் நான். எந்தக் கடையில் நடந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லோரும் "அது நாங்கள் இல்லை" என்று பிளேன்டீ குடிக்கப் போய்விடுவீர்கள்.

என்னுடையது 2010ஆம் ஆண்டு பென்ஸ் சி 180. போன சர்விஸுக்கு ஒயில் பில்டர் வாங்க வந்தேன். "ஒரிஜினலா?" என்றேன். "என்ன ஐயா இப்படிக் கேட்கிறீங்கள், ஜெர்மன் சாமான்" என்றார் கடைக்காரர். பெட்டியில் பென்ஸ் நட்சத்திரமும் இருந்தது. 6,500 ரூபா கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டில் "ஒயில் பில்டர் - 1" என்று கிறுக்கித் தந்தார்.

சரியாக 4,000 கிலோமீற்றர். போன வெள்ளிக்கிழமை வெள்ளவத்தை கராஜில் மெக்கானிக் பாஸ் பில்டர் மூடியைக் கழற்றினார். இந்த எஞ்சினில் பில்டர் மேலேயே இருக்கும். தகரக் கூடு கிடையாது, வெறும் கடதாசி மடிப்புத்தான். மூடியோடு மேல் வளையம் மட்டும் வந்தது. மிச்சம் உள்ளே, ரசத்தில் ஊறிய அப்பளம் மாதிரி. நீட்டு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, பழைய பேப்பரை விரித்து அதன்மேல் அடுக்கினார். மடிப்புக்கு மடிப்பு பொருத்திப் பார்த்தார். பெருவிரல் நகமளவு ஒரு துண்டு குறைந்தது.

"அது எங்கே போயிருக்கும் பாஸ்?"

"பில்டருக்கு அங்கால வேறு பில்டர் இல்லையே ஐயா."

அதுதான் விஷயம். ஒயில் கடதாசியின் வெளிப்பக்கத்தால் நுழைந்து நடுவால் வெளியேறி நேரே பெயாரிங்குக்கும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிற கேம் அட்ஜஸ்டருக்கும் போகிறது. அந்தத் துண்டும் அந்த வழியில்தான் எங்கேயோ நிற்கிறது. இப்போது தினமும் காலையில் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுகிறேன். வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்குகிற டைமிங் செயின் ஏற்கெனவே நீளுகிற எஞ்சின் இது. ஒரு சின்னக் கடகடப்புக் கேட்டாலும் வயிறு கலங்குகிறது.

ஆப்டர்மார்க்கெட், அதாவது கார் கம்பனியின் பெயரில் வராத வெளிச் சாமான், விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மான், மாலே, ஹெங்ஸ்ட் எல்லாம் ஜெர்மன் கார் கம்பனிகளுக்கே பில்டர் கொடுக்கிறவை. அதே சாமான் அவர்களுடைய சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் மேலதிகக் காசு பல நேரம் பெட்டிக்குத்தான் போகிறது. ஹெங்ஸ்ட் என்று சொல்லித் தந்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். அதைவிட மலிவானதென்றாலும் சரி, மலிவு என்று தெரிந்து வாங்கினால் சீக்கிரம் மாற்றிவிடுவேன். ஆனால் யார் செய்தார்கள் என்றே தெரியாத ஒன்றுக்கு ஒரிஜினல் சட்டை போட்டு ஒரிஜினல் விலைக்கு விற்பது என்ன வியாபாரம்?

கேட்பது ஒன்றே ஒன்று: பில்லில் எழுதித் தாருங்கள். கம்பனிச் சாமானா ஆப்டர்மார்க்கெட்டா, செய்தவர் யார், பார்ட் நம்பர் என்ன. இரண்டு வரி. கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டமே சொல்கிறது; நான் அதில் இரண்டு வரி கூடக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. பென்ஸ் என்றதும் பணக்காரன் என்று நினைக்கிறீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குக் கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. அத்தனை வருடமும் நாங்கள் பழையதைக் கட்டியழுதோம், நீங்கள் சாமான் விற்றீர்கள். அப்புறம், களவு போன சைட் கண்ணாடியைப் பஞ்சிகாவத்தையில் போய்த் திருப்பி வாங்கலாம் என்று ஊரில் ஒரு பகிடி உண்டு. நான் அதற்கு ஒருநாளும் சிரித்ததில்லை. உங்களுக்காகச் சண்டைகூடப் பிடித்திருக்கிறேன். இனிமேல் பிடிப்பேனா என்பது தெரியாது.

மன்னிக்கவும், கதை எங்கோ போய்விட்டது. தயவுசெய்து பில்லில் எழுதித் தாருங்கள். பாஸ் எடுத்த துண்டுகளை ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த பில்டர் வாங்க வரும்போது கொண்டுவருவேன், விரும்பியவர்கள் பார்க்கலாம். உங்கள் கடையில் பேனா இல்லையென்றால் அதையும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பழைய பென்ஸ்காரன்